பழைய ஜெர்மன் யூனிமாக்கை அமெரிக்காவில் இறக்கி ஓவர்லேண்ட் கேம்பர் ஆக்குவது: காகிதம், எடை, பிறகுதான் வண்டி

மெர்சிடிஸின் நான்கு சக்கர இயக்க லாரியான யூனிமாக் யு1300எல்லின் மேல் தங்கும் பெட்டி கட்டி, மண் பாதைகளில் நெடும்பயணம் போகும் ஓவர்லேண்ட் கேம்பர் ஆக்குவதன் கவர்ச்சியை விளக்கத் தேவையில்லை. முன்னும் பின்னும் போர்ட்டல் ஆக்ஸில் (சக்கர மையத்தில் உள்ள கியர்களால் ஆக்ஸில் உயரே நிற்கும் அமைப்பு), நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங், சுமார் 440 மி.மீ. தரை இடைவெளி. கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத 5.7 லிட்டர் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். மேற்கு ஜெர்மன் ராணுவம் இதை ஆயிரக்கணக்கில் வாங்கியது. அவைதான் இன்று ஏலத்திலும் வியாபாரிகளிடமும் கிடைக்கின்றன.

ஆனால் பணம் கரைவது வண்டியில் அல்ல. எந்த வகை வண்டி என்று காகிதத்தில் எழுதியிருக்கிறது, எந்த மாநிலம் அதைப் பதிவு செய்யும், கட்டி முடித்தபின் எடைமேடையில் எவ்வளவு காட்டும் என்ற மூன்றிலும்தான். இவற்றைத் தீர்த்துக்கொண்ட பிறகே வண்டி தேடுங்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. ராணுவ யு1300எல் மணிக்கு 80 கி.மீ. சொச்சம்தான் ஓடும். அமெரிக்க இன்டர்ஸ்டேட்டில் மற்றவர்கள் 110, 120-ல் போவார்கள். கேபினுக்குள் சத்தமும் அதிகம். அலாஸ்கா, மெக்சிகோவின் பாஹா, யூட்டா மண் பாதைகள் என்று மெதுவாகச் சுற்றுபவருக்கு இது சரி. வாரக் கடைசியில் 500 மைல் போய்த் திரும்ப நினைப்பவர், ஜெர்மன் தீயணைப்புத் துறை விற்கும் மெர்சிடிஸ் அல்லது மான் (MAN) நிறுவனத்தின் 4x4 லாரிகளைப் பார்ப்பது நல்லது. அவை கூரைக்கடியில் நின்றவை, கி.மீ. குறைவு. அவற்றின் சிக்கல்கள் வேறு: பழைய டயர், காய்ந்த ஆயில் சீல், நின்ற இடத்திலேயே பம்ப் ஓட்டியதால் ஏறிய இன்ஜின் மணிநேரம்.

வயது விதி

தயாரித்து 25 ஆண்டு நிறைந்த வண்டிக்கு அமெரிக்க ஃபெடரல் பாதுகாப்புத் தரம் பொருந்தாது. இறக்குமதி வண்டியின் பாதுகாப்புத் தரத்தை அறிவிக்கும் எச்.எஸ்-7 படிவத்தில் முதல் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். புகை விதிக்கு 21 ஆண்டு கணக்கு. ஆனால் இன்ஜின் தொழிற்சாலையில் வந்த நிலையிலேயே இருக்க வேண்டும். ஜெர்மனியிலேயே வேறு இன்ஜின் மாற்றிக்கொண்டு வரும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். புகை விதியைப் பார்க்கும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான ஈ.பி.ஏ.வின் படிவம் இரண்டு வகை: கார், சிறு வண்டிகளுக்கு 3520-1, கனரக இன்ஜின்களுக்கு 3520-21. உங்கள் வண்டிக்கு எது என்பதைக் கஸ்டம்ஸ் புரோக்கர் முன்கூட்டியே முடிவு செய்யட்டும்.

யு1300எல் எல்லாமே 25-ஐத் தாண்டியவை. புதிய மாடல்களை 25 ஆண்டு நிறையும் தறுவாயில் வாங்குபவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். சட்டம் பார்ப்பது தயாரித்த மாதத்தை. ஜெர்மன் பதிவுச் சான்றில் இருப்பது முதல் பதிவு நாள். இரண்டுக்கும் இடையே பல மாதம் இருக்கலாம். சேசிஸ் எண்ணைக் கொடுத்து மெர்சிடிஸ் தரவு அட்டை வாங்கிக்கொண்டால் வாக்குவாதம் இல்லை.

வரி: இங்கேதான் ஆயிரங்கள் போகும்

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பா வரி போட்டது. பதிலடியாக 1963 டிசம்பரில் அதிபர் ஜான்சனின் அரசு வெளிநாட்டு டிரக்குகளுக்கு 25% வரி அறிவித்தது. கோழிச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது, டிரக் வரி மட்டும் இன்றுவரை நிற்கிறது. அதனால் ஒரே சேசிஸ், பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு வரி கட்டும். அடிப்படை விகிதங்கள் இவை:

சரக்குத் தொட்டியோடு (பின்னால் சாமான் ஏற்றும் பகுதி) வந்தால் 25%.
தொட்டி இல்லாத கேபின்-சேசிஸ், 5 முதல் 20 டன் வரை என்றால் 4%.
ஆம்புலன்ஸ், மோட்டார்ஹோம் என்றால் 2.5%.
தீயணைப்பு வண்டிக்கு வரி இல்லை.

இதைப் பார்த்ததும் தொட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு 4% கட்டலாம் என்று தோன்றும். பதிவுக் காகிதம் சரக்கு வண்டி என்று சொல்லும்போது வெறும் சேசிஸ் துறைமுகத்தில் நின்றால் கேள்வி வரும். கேள்வி வந்தால் வண்டி நிற்கும், நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் யார்டு வாடகை. காகிதமும் உடலும் ஒன்றையே சொல்லும் வண்டியை வாங்குவதுதான் நிம்மதி. ராணுவ ஆம்புலன்ஸ் யு1300எல் இந்தக் கோணத்தில் நல்ல தேர்வு. பெட்டி ஏற்கெனவே சேசிஸ் முறுக்கைத் தாங்கும் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கும். உள் உயரம் மட்டும் குறைவு. நிமிர்ந்து நிற்க முடியுமா என்று வாங்கும் முன் உள்ளே போய்ப் பாருங்கள். ஜெர்மனியிலேயே கட்டி முடித்து, பதிவில் மோட்டார்ஹோம் என்று மாற்றிய வண்டியும் நல்லதுதான். ஆனால் படுக்கை, அடுப்பு, தண்ணீர் எல்லாம் நிரந்தரமாகப் பொருத்தியிருக்க வேண்டும். கட்டிலும் கேஸ் அடுப்பும் தூக்கி வைத்த சரக்கு வண்டியை யாரும் மோட்டார்ஹோம் என்று ஏற்கமாட்டார்கள்.

2025 முதல் இவற்றின் மேல் கூடுதல் வரிகள் வருவதும் மாறுவதுமாக இருக்கின்றன. இணையத்தில் படித்த விகிதத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். புரோக்கரிடம் வகைப்பாட்டு எண்ணையும் அன்றைய மொத்த விகிதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். வரி தவிர சரக்குக் கையாளும் கட்டணம் மதிப்பில் 0.3464%, இதற்குக் குறைந்தபட்ச, அதிகபட்ச வரம்பு உண்டு. துறைமுகப் பராமரிப்புக் கட்டணம் 0.125%. கஸ்டம்ஸ் பாண்டு, அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் உத்தரவாதப் பத்திரம், தனி.

முன்னாள் ராணுவ வண்டி என்றால் இன்னொரு வேலை. ஆயுத இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் அமெரிக்க அமைப்பான ஏ.டி.எஃப்.பின் அனுமதி தேவைப்படுமா என்பதையும் புரோக்கர் மூலம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஆயுதம் பொருத்தும் தாங்கி, இருட்டடிப்பு விளக்கு, ராணுவ வானொலித் தட்டு போன்றவற்றை ஜெர்மனியிலேயே கழற்றிவிடுங்கள்.

மாநிலமும் காப்பீடும்

மத்திய அரசு உள்ளே விட்டதாலேயே உங்கள் மாநிலம் நம்பர் பிளேட் தரவேண்டும் என்றில்லை. முன்னாள் ராணுவ வண்டி என்றதும் சாலைக்கு உரியதல்ல என்று முத்திரை குத்தும் அலுவலகங்கள் உண்டு. கலிஃபோர்னியாவில் 14,000 பவுண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்குத் தனிப் புகை விதிகள். யு1300எல்லின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையான 7,500 கி.கி. என்பது 16,535 பவுண்டு. அந்த மாநிலத்தில் இருப்பவர் முதலில் அங்கே விசாரிக்க வேண்டும். மறுபக்கம், 26,000 பவுண்டுக்குள் இருப்பதால் எடையை வைத்து வணிக ஓட்டுநர் உரிமம் கேட்கமாட்டார்கள்.

காப்பீட்டு நிறுவனத்திடம் வண்டியின் படம், எடை, பயன்பாடு மூன்றையும் கொடுத்து, ஒப்புக்கொண்ட மதிப்பின்படி பாலிசி தருவார்களா என்று கேளுங்கள். சாதாரண ஆன்லைன் படிவம் 17 எழுத்து வாகன எண்ணைத் தேடிப் பார்த்து, கிடைக்கவில்லை என்று நிராகரித்துவிடும். ஆள் பேசும் ஏஜென்சிதான் தேவை. இந்தப் பதில் வராமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஜெர்மன் அரசின் பழைய வண்டிகளை விற்பது வேபெக் என்ற நிறுவனம். ஏலம், பார்த்து வாங்கு, பிறகு புகார் சொல்லாதே என்ற முறை. ராணுவத்திலிருந்து நேரே வரும் வண்டிக்குச் சிவில் பதிவுச் சான்று இருக்காது, விலைச்சீட்டும் விற்பனைச் சான்றும்தான். உங்கள் மாநிலம் இதை ஏற்குமா என்று தெரியாவிட்டால், ஏற்கெனவே ஜெர்மனியில் சாலைக்குப் பதிவான வண்டியை வாங்குங்கள். விலை கூடும், ஆனால் இரண்டு பகுதிப் பதிவுச் சான்றும் கையில் இருக்கும். சேசிஸில் குத்திய எண், தகட்டில் உள்ள எண், காகிதத்தில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று கம்பி பிரஷால் தேய்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் கை வைக்க வேண்டிய வரிசை:

போர்ட்டல் ஹப். நான்கின் ஆயில் லெவல் போல்ட்டையும் கழற்றிப் பாருங்கள். ஒன்றில் ஆயில் அளவுக்கு மீறி வழிந்தால், ஆக்ஸில் தண்டின் சீல் போய் டிஃபரன்ஷியல் ஆயில் ஹப்புக்குள் இறங்குகிறது என்று பொருள். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. காற்றுத் துவாரம் அடைத்துக்கொண்டதுதான் பெரும்பாலும் காரணம். சூடான ஆக்ஸில் ஆற்றில் இறங்கிக் குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

டார்க் ட்யூப். யூனிமாக்கில் உந்து தண்டு ஒரு குழாய்க்குள் ஓடுகிறது. கியர்பாக்ஸ் பக்கம் பந்து மூட்டு. அதன் சீல் கசிந்தால் பொருள் விலை பெரிதல்ல, ஆக்ஸிலை இறக்கும் கூலிதான் பெரிது. இதைக் காட்டி விலை குறைக்கலாம்.

பிரேக். டிஸ்க் பிரேக், ஹைட்ராலிக், காற்று உதவி. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் காலிபர் பிஸ்டன்கள் இறுகிப்போயிருக்கும். பத்து கி.மீ. ஓட்டிவிட்டு ஒவ்வொரு சக்கர மையத்தின் சூட்டையும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால் அது இறுகியது, மிகக் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை.

துரு. கேபின் தரை, கேபின் தாங்கிகள், கண்ணாடி ரப்பருக்கு அடியில், பேட்டரிப் பெட்டி. புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த சேசிஸைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், மந்தமான ஒலி வந்தால் உள்ளே துருச் செதில்.

டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க வாரம்-ஆண்டுக் குறி. ராணுவ டயரில் பட்டன் முழுதாக இருக்கும், ரப்பர் இருபது வயதைத் தாண்டியிருக்கும். ஐந்து டயர் விலையை வாங்கும் விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள். அசல் அளவு 12.5ஆர்20, அதாவது 335/80ஆர்20, கணக்குப்படி விட்டம் 1,044 மி.மீ. 365/80ஆர்20 போட்டால் 1,092, வேகம் 4.6% கூடும். இன்னும் பெரிய 14.00ஆர்20 மீது பலருக்கு ஆசை. அது ரிம், ஸ்டீயரிங் திருப்பும் கோணம், பிரேக், மேட்டில் இழுவை எல்லாவற்றையும் தொடும், எடையும் ஏறும். வேகம்தான் வேண்டும் என்றால் வேக ஆக்ஸில் கியர் செட் தேடுவது சரியான வழி.

கப்பலேற்றம்

யு1300எல்லின் கேபின் உயரமே சாதாரணக் கன்டெய்னர் கதவான 2.28 மீட்டரைத் தாண்டிவிடும், உயரம் கூடிய ஹை-கியூப் கன்டெய்னரின் 2.58-க்கும் அடங்காது. ஆகவே வண்டியை ஓட்டியே ஏற்றி இறக்கும் ரோ-ரோ கப்பல்தான், பிரெமர்ஹாவனிலிருந்து பால்டிமோர் போன்ற துறைமுகத்துக்கு. கட்டணம் கன மீட்டர் கணக்கு. 5.5 × 2.3 × 2.7 மீட்டர் என்றால் சுமார் 34 கன மீட்டர். கூரைக் கம்பிகள், கண்ணாடிகள், பின்னால் நீட்டிய ஸ்பேர் டயர் எல்லாம் இந்தக் கணக்கில் ஏறும், கழற்ற முடிந்ததைக் கழற்றுங்கள்.

வரிசை இப்படி: 3,000 யூரோவுக்கு மேல் மதிப்பு என்றால் ஜெர்மன் உள்நாட்டுச் சுங்க அலுவலகத்தில் ஏற்றுமதி அறிவிப்பு, பிறகு துறைமுகத்தில் வெளியேற்ற உறுதி. அந்த வெளியேற்றச் சான்றை வியாபாரிக்கு அனுப்பினால்தான் 19% மதிப்புக்கூட்டு வரி திரும்ப வரும். எனவே அதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். துறைமுகம்வரை ஓட்டிச் செல்ல ஏற்றுமதி நம்பர் பிளேட். ஐ.எஸ்.எஃப். என்ற, அமெரிக்கச் சுங்கத்துக்கு முன்கூட்டியே தரும் சரக்கு அறிவிப்பை எந்த நேரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்பதைப் புரோக்கர் கப்பல் ஏறும் முன்பே சொல்ல வேண்டும், தவறினால் 5,000 டாலர்வரை அபராதம் வரலாம்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேர் மாட்டிக்கொள்வது மண்ணில்தான். அமெரிக்க விவசாயத் துறை விதிப்படி வண்டியின் அடியில் வெளிநாட்டு மண் ஒட்டியிருக்கக் கூடாது. கண்டால் உங்கள் செலவில் கழுவச் சொல்வார்கள், அல்லது திருப்பி அனுப்புவார்கள். ஜெர்மனியில் நீராவி வாஷ் செய்யும்போது சேசிஸின் சி வடிவக் குழிவுகள், ஸ்பிரிங் தட்டுகள், ஸ்பேர் டயரின் உட்புறம், டார்க் ட்யூப் மேல்பக்கம் ஆகியவற்றைத் தனியாகக் காட்டுங்கள். கழுவியபின் மண் சாலையில் துறைமுகம் போகாதீர்கள். எரிபொருள் கால் டேங்குக்குள் இருக்கட்டும். உள்ளே சொந்தச் சாமான் எதுவும் வைக்க வேண்டாம். கப்பல் நிறுவனம் ஏற்காது, ஏற்றாலும் வந்து சேராது. வண்டி தானே ஸ்டார்ட் ஆகி, திரும்பி, நிற்க வேண்டும். இழுத்து ஏற்ற வேண்டியிருந்தால் கட்டணம் எகிறும்.

இறங்கியபின் சுங்க நுழைவுப் படிவம் 7501-ன் நகல், முத்திரையிட்ட எச்.எஸ்-7, விலைச்சீட்டு, ஜெர்மன் பதிவுச் சான்றும் அதன் சான்றளித்த மொழிபெயர்ப்பும் சேர்த்து ஒரு கோப்பு வையுங்கள். மாநில அலுவலகம் கேட்பது இதைத்தான்.

எடைக் கணக்கு

கட்டத் தொடங்கும் முன் சரக்குத் தொட்டியைக் கழற்றி, டீசல் டேங்கை நிரப்பி, எடைமேடையில் முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் தனித்தனியே எடை போடுங்கள். சேசிஸ்-கேபின் 4,700 கி.கி. வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் ஏறுவது, கிலோவில்:

பெட்டிப் பலகைகள் 450, கதவு சன்னல்கள் 120, சப்ஃபிரேம் (பெட்டிக்கும் சேசிஸுக்கும் இடையிலான சட்டம்) 180, அலமாரியும் படுக்கையும் 250, தண்ணீர் 200, கூடுதல் டீசல் 150 லிட்டருக்கு 126, பேட்டரியும் மின்சாதனமும் 120, சோலார் 60, ஸ்பேர் டயரும் தாங்கியும் 160, ஹீட்டரும் குழாய்களும் 70, ஃபிரிட்ஜ் 35, இரண்டு பேர் 160, உணவு, துணி, கருவி, மீட்புச் சாமான் 350.

கூட்டினால் 2,281. மொத்தம் 6,981. 7,500 வரம்புக்கு 519 கி.கி. மிச்சம். இதில் மோட்டார்சைக்கிள் தாங்கி, பெரிய டயர், விஞ்ச் என்று சேர்த்தால் மிச்சம் காணாமல் போகும். பெட்டியின் 450 எங்கிருந்து வருகிறது என்றால், 3.7 × 2.2 × 2.1 மீட்டர் பெட்டியின் மொத்தப் பரப்பு 41 சதுர மீட்டர், கண்ணாடியிழைத் தோலும் 55 மி.மீ. நுரையும் கொண்ட பலகை சதுர மீட்டருக்குச் சுமார் 11 கி.கி. ஒட்டுப்பலகையை உள்ளே சேர்க்கும் ஒவ்வொரு யோசனையையும் இதே பரப்பால் பெருக்கிப் பாருங்கள்.

தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் தாழ்வாக, ஆக்ஸில்களுக்கு இடையே. பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் முன் ஆக்ஸிலைத் தூக்கும்.

சப்ஃபிரேம்

யூனிமாக்கின் சேசிஸ் முறுக்கிக்கொள்ளவே செய்யப்பட்டது. அதன்மேல் விறைப்பான பெட்டியை நேராகப் போல்ட் போட்டால் மூன்றில் ஒன்று உடையும்: போல்ட், பெட்டியின் மூலை ஒட்டு, அல்லது சேசிஸ். பெரும்பாலும் முதலில் பிரிவது கதவுக்கு மேலுள்ள மூலை. மழைநீர் உள்ளே வந்த பிறகுதான் தெரியும்.

இரண்டு வழிகள் நிரூபணமானவை. மூன்று புள்ளி: பின்னால் இரு பக்கத் தாங்கிகள், முன்னால் நடுவில் ஒரு சுழலும் மூட்டு. நான்கு புள்ளி வைர வடிவம்: முன் நடு, பின் நடு, இரண்டு பக்க நடு, எல்லாம் சுழல்பவை. மூன்று புள்ளி எளிது, எடை குறைவு. ஆனால் முழுச் சுமையின் பெரும்பங்கு சில இடங்களில் குவியும், அந்த இடங்களில் குறுக்குச் சட்டம் வேண்டும். 3.7 மீட்டர் பெட்டிக்கு நாங்கள் வைர வடிவத்தையே சொல்வோம். சாதாரண ஏணிச் சேசிஸ் உள்ள தீயணைப்பு லாரிகளுக்கு இந்த வடிவம் அவசியமில்லை. பின் ஆக்ஸில் மேல் இறுக்கமாகப் பிடித்து, முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த போல்ட்டுகளில் தூக்கவிட்டால் போதும்.

சேசிஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடவே கூடாது. வளைவு அழுத்தம் முழுவதும் அங்கேதான். தாங்கிகளை நடுத் தகட்டில் இருக்கும் தொழிற்சாலைத் துளைகளில், 10.9 தர போல்ட்டால் பிடியுங்கள். வெல்டிங் வேண்டாம், சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்தில்தான் விரிசல் தொடங்கும்.

பொருத்தியதும் சோதனை. எதிரெதிர் மூலைச் சக்கரங்கள் இரண்டைச் சரிவுமேடையில் 400 மி.மீ. உயர்த்துங்கள். பெட்டிக்கும் சேசிஸுக்கும், பெட்டிக்கும் கேபினுக்கும் இடைவெளியை நான்கு இடத்தில் அளந்து எழுதுங்கள். பிறகு மறு மூலைகள். கேபின் பெட்டியை நோக்கி எவ்வளவு சாய்ந்ததோ, அதைவிட 50 மி.மீ. அதிகமாக நிரந்தர இடைவெளி விடுங்கள். கேபினுக்குள் போகும் வழி வேண்டுமென்றால் அந்த அசைவு முழுவதையும் தாங்கும் பெல்லோஸ், அதாவது மடிப்பு மடிப்பான வளையும் உறை, வேண்டும். சரிவில் நிற்கும்போதே பெட்டிக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள்.

பெட்டியும் மின்சாரமும்

பலகைகளை பாலியூரித்தேன் பசையால் ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் சுத்திகரிப்பான், பிரைமர், பிறகு முக்கோண வடிவப் பசைக் கோடு. அழுத்தியபின் பசையின் தடிப்பு 3 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க, சிறு ரப்பர் துண்டுகளை இடையில் வையுங்கள். மெல்லிய பசை அசைவைத் தாங்காமல் கிழியும். அது காற்றின் ஈரத்தால் இறுகுகிறது, நாளொன்றுக்குச் சில மி.மீ. மட்டும். வறண்ட அரிஸோனா பட்டறையில் இன்னும் மெதுவாகும். ஒரு வாரம் அசைக்காதீர்கள். உள்ளிருந்து வெளிவரை போகும் உலோகம் எதுவும் வேண்டாம், குளிரில் அதன் தலையில்தான் நீர் கோக்கும்.

வண்டி 24 வோல்ட். தங்கும் பெட்டியின் மின்சாரமும் 24-லேயே வைத்தால் கம்பி மெலிதாகும்: 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி சுமார் 5 யூனிட் தரும். பழைய ஆல்டர்னேட்டரை நேரே லித்தியத்தில் இணைத்தால், உள்தடை குறைந்த பேட்டரி கேட்கும் மின்னோட்டம் முழுவதையும் கொடுக்கப் போய் அதன் சுருள் கருகும். இடையில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டி.சி.-டி.சி. சார்ஜர் போட்டு, ஆல்டர்னேட்டர் திறனில் பாதிக்கு வரம்பு வையுங்கள். ஜெர்மனியில் கட்டிய பெட்டி என்றால் 230 வோல்ட் வயரிங் இருக்கும். இன்வெர்ட்டர், சாக்கெட், வெளி இணைப்பு எல்லாவற்றையும் 120-க்கு மாற்ற வேண்டும். சமையலுக்கு இண்டக்ஷன், சூட்டுக்கு டீசல் ஹீட்டர் என்றால் ஐரோப்பிய கேஸ் குழாய்த் தலைகள் அமெரிக்கச் சிலிண்டரில் பொருந்தாத தொல்லையே இல்லை. கொலராடோ மலைகளில் தூங்குவதாக இருந்தால் உயர வசதி உள்ள ஹீட்டராக வாங்குங்கள், இல்லாவிட்டால் மெலிந்த காற்றில் புகைக்கரி அடைத்து நின்றுவிடும்.

முதல் நீண்ட ஓட்டத்துக்கு முன் எல்லா ஆயிலும், கூலன்ட்டும், டாட்-4 பிரேக் திரவமும், ரப்பர் ஹோஸ்களும் மாற்றுங்கள். 300 கி.மீ. ஓடியதும் சப்ஃபிரேம் போல்ட்டுகளை மறுபடி டார்க் பார்த்துப் பெயின்ட் கோடு போடுங்கள். முழுச் சாமானோடு மீண்டும் எடைமேடை ஏறி, அந்த எடைக்கு ஏற்ற டயர் காற்றழுத்தத்தை டயர் நிறுவன அட்டவணையில் பார்த்து, கேபினுக்குள் ஒட்டி வையுங்கள்.